பக்கத்து வீட்டில் கடன் வாங்கு

52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஒன்றாம் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது. தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப்பள்ளி வராந்தாவில் நின்று கேட்டாலும் அடுத்து டீச்சர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "போகாதா? அப்ப பக்கத்து வீட்டுல கடன் வாங்கு." பக்கத்து வீடு என்றால் பத்தாம் இடம். அங்கே ஐந்து இருக்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டால் இங்கே பன்னிரண்டு ஆகிவிடும், அங்கே நான்குதான் மிச்சம். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. நான்கில் இரண்டு போக இரண்டு. விடை 25.

நமக்கு இது மூன்று விநாடி வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. கடன் வாங்கியதை ஞாபகம் வைக்க வேண்டும். ஐந்து நான்காகிவிட்டதை மறக்கக்கூடாது. பன்னிரண்டில் ஏழு போனால் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணும்போது, எந்த இடத்தில் இருந்தோம் என்பது நழுவிவிடக் கூடாது. நிறைய பிள்ளைகள் எழுதும் விடை 35. ஏழிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து இரண்டு. கடன் வாங்குகிற தொல்லையே இல்லாமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார்கள்.

அந்த 35-ஐ எழுதிய பிள்ளையின் காலையையும் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்போம். அம்மா பனியன் கம்பெனி வேனைப் பிடிக்க ஆறரைக்கே கிளம்பியாயிற்று. தம்பியைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டிப் பள்ளிக்கு இழுத்து வந்தது இந்தப் பிள்ளைதான். முந்தின நாள் சாயங்காலம் வாரத் தவணை வசூலிக்க வந்தவர் வாசலில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை. அம்மா நிஜமாகவே பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடன் கேட்டாள். கிடைக்கவில்லை. இராத்திரி அப்பா டாஸ்மாக்கிலிருந்து வந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பிள்ளை யாரிடமும் சொல்லாது. காலை ஒன்பதே காலுக்குக் கரும்பலகையில் 52 – 27. "கடன் வாங்கு" என்கிறார் டீச்சர்.

இது நான் அடுக்கிச் சேர்த்த காட்சிதான். ஆனால் இதன் ஒவ்வொரு துண்டையும் ஏதாவது ஒரு வகுப்பில் பார்க்காத அரசுப் பள்ளி ஆசிரியர் இருக்கமாட்டார். அந்த 35-ஐப் பார்த்ததும் பள்ளி வழக்கமாக வருகிற முடிவுக்கு ஒரு பெயர் உண்டு: 'மெல்லக் கற்போர்'. பதிவேட்டில் ஏறும் சொல் அது. ஆசிரியர் அறையில் இன்னும் சுருக்கமாக, "அவனுக்கு ஏறாது."

ஏறாமல் போவதற்கு என்ன காரணம் என்பதுதான் விஷயம்.

மனக்கணக்கு போடும்போது எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடத்தை உளவியலில் செயல் நினைவகம் என்கிறார்கள். சின்னத் திண்ணை மாதிரி அது. மூன்று பேர், மிஞ்சிப் போனால் நான்கு பேர் உட்காரலாம். அதில் ஏற்கெனவே தவணைக்காரரும், வீங்கிய கன்னத்தோடு அம்மாவும், இன்றைக்கும் அப்பா அப்படித்தான் வருவாரோ என்ற பயமும் உட்கார்ந்திருந்தால், கடன் வாங்கிய பத்துக்கு இடம் இல்லை. அறிவு குறைவதால் வருவதல்ல இது, இட நெருக்கடி. பயமும் பதற்றமும் நாள் கணக்கில் நீடிக்கும்போது உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு தணியாமல் இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓட வேண்டும் என்று தயாராகவே நிற்கும் உடம்பு, உட்கார்ந்து கழித்தல் கணக்கு போடுவதற்கு ஏற்றதல்ல. இப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, சின்ன விஷயத்துக்கும் பக்கத்துப் பையனை அடிக்கும், எழுந்து எழுந்து போகும். இல்லையென்றால் கடைசி வரிசையில் ஒரு சத்தமும் இல்லாமல் சன்னலைப் பார்த்தபடி இருக்கும். முதல் பிள்ளைக்குச் 'சேட்டை' என்று பெயர் வைத்துவிடுவோம். இரண்டாவது பிள்ளைக்குப் பெயரே வைக்கமாட்டோம். அமைதியான பிள்ளை என்று பாராட்டுகூடக் கிடைக்கும். எனக்கு அதிகக் கவலை இந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வறுமை வேறு, மனக்காயம் வேறு. சிறுவயதுத் துன்பங்கள் பிற்கால உடல்நலத்தைப் பாதிக்கின்றன என்று காட்டிய புகழ்பெற்ற ஆய்வு 1998இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இருந்து வந்தது. அந்த ஆய்வின் இரண்டு கட்டங்களிலும் சேர்த்துப் பங்கேற்ற 17,000-க்கும் மேற்பட்டவர்கள் பெரும்பாலும் காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தினர். அடி, திட்டு, குடி, பிரிவு எல்லாம் மாடி வீட்டிலும் உண்டு. வித்தியாசம், தாங்குவதற்கு என்ன இருக்கிறது என்பதில். மாடி வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை, டியூஷன் மிஸ், தாத்தா வீட்டில் ஒரு கோடை விடுமுறை என்று ஏதாவது மெத்தை இருக்கும். ஓர் அறை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிதான் மெத்தை. அங்கேயும் அடி கிடைத்தால் வேறு இடம் இல்லை.

வயிறு முதலில்

பிள்ளைகளின் மனநலம் என்றவுடன் ஆலோசகர், கவுன்சலிங், ஹெல்ப்லைன் என்றே பேச்சு போகிறது. எல்லாம் தேவைதான். ஆனால் தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் பிள்ளைகளின் மனசுக்காக அரசு செய்த பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், காலை எட்டே காலுக்கு வரும் உப்புமா என்றுதான் சொல்வேன்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அப்போது 1,545 பள்ளிகள், ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் பிள்ளைகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25இல் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024இல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள். ஊர்களில் மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். பல பள்ளிகளில் சமைப்பவரின் பிள்ளையே அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று.

இந்த மண்ணில் பள்ளியில் சோறு போடுவது புதிதல்ல. நீதிக்கட்சிக் காலத்தில் 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு வந்த முட்டை என்று நூறு ஆண்டுக் கதை அது. ஆனால் மதிய உணவு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததே தவிர, மதியம் வரை கற்க வைக்கவில்லை. முக்கியமான பாடங்களைப் பெரும்பாலான பள்ளிகள் காலையில்தான் வைக்கும். பத்தரை மணிக்கு "வயிறு வலிக்குது மிஸ்" என்று வரும் பிள்ளையிடம் "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால், தலை குனியும். டீ, வருக்கி, அல்லது ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியையே கேட்காமல் வருக்கிப் பொட்டலம் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்த டீச்சர்கள் எத்தனையோ பேர். திட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

காலை உணவு படிப்பை மாற்றுமா? ஜமைக்காவின் கிராமப் பள்ளிகளில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு இதை நேர்த்தியாகச் சோதித்தது. இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 800-க்கும் சற்று அதிகமான பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுவதும் பள்ளியில் காலை உணவு. மீதிப் பேருக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் துண்டு. அந்தக் கால் துண்டில்தான் சூட்சுமம். உணவின் பலனையும், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வின் பலனையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக, இரண்டாவது குழுவுக்கும் அதே கவனிப்பைக் கொடுத்தார்கள். காலை உணவு சாப்பிட்ட பிள்ளைகளின் வருகை கூடியது, எடையும் உயரமும் கொஞ்சம் கூடின, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு மேம்பட்டது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, அளவான முன்னேற்றம். ஆனால் நம் ஊர்ப் பந்தியில் உணவும் கவனிப்பும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகின்றன. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று யாராவது கேட்கிறார்கள். வீட்டில் அன்று காலை அப்படிக் கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அதன் மதிப்பை எந்தத் தேர்வில் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எழுந்திரு"

பசியைப் போலவே திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் இன்னொன்று அவமானம். பசியாவது சாப்பிட்டால் போகும்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வரும். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்திரு" என்பார். ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். ஒருவர் வங்கிக் கணக்கு விவரம் தரவில்லை, இன்னொருவர் சாதிச் சான்றிதழ் நகல் தரவில்லை. இரண்டு நிமிட வேலை முடிந்து உட்காரச் சொல்வார். ஆசிரியர் மனத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு வகுப்பில் யார் யார் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த பீரியடில் கேள்வி கேட்டால், எழுந்து நின்ற பிள்ளைகள் கை தூக்குகிறார்களா என்று கவனித்துப் பார்க்கலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதை விளையாட்டுக் கொடுத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தாளில் இருக்கும் சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும், சரியாகச் செய்தால் காசு. யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது தலித் சிறுவர்களும் மேல்சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்த பிறகு, தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. அதே மூளை, அதே தாள். நடுவில் வந்தது ஒரு அறிவிப்பு மட்டும்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். பள்ளியில் தனக்கு நடந்த தொந்தரவை அவர் வெளியே சொன்னதுதான் காரணம். அந்த மாணவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மீண்டு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தார். செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட வைரம் பாய்ந்த பிள்ளைகளைக் காட்டி, மற்ற பிள்ளைகளிடம் "அவனைப் பார், நீ ஏன் இப்படி?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். அதுவும் ஒரு கொடுமைதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையைக் கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை என்ற பரிந்துரை மட்டும்தான் தொலைக்காட்சி விவாதங்களுக்குத் தீனியானது. என்னைக் கேட்டால் அந்த அறிக்கையின் உயிர் சின்னச் சின்ன நிர்வாகப் பரிந்துரைகளில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் வேண்டாம். இருக்கை அகரவரிசைப்படி இருக்கட்டும். உதவித்தொகை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தலைமையாசிரியர் அந்த மாணவரைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்லட்டும். இந்தக் கடைசிப் பரிந்துரைக்கு ஒரு பைசா செலவில்லை. எழுந்து நிற்கச் சொன்ன அந்த இரண்டு நிமிடம் என்ன செய்யும் என்று புரிந்த ஒருவரால்தான் இதை எழுத முடியும்.

தனியாக அழைத்துச் சொல்வது அவமானத்தைத் தடுக்கும், சரி. கலந்து பழக வைப்பதற்கும் ஏதாவது வேண்டுமே? அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் வந்த 'மகிழ் முற்றம்' அந்த வழியில் ஒரு முயற்சி. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரிப்பது. தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம் என்று இருக்கும் அதே வழக்கம்தான், ஐந்திணைப் பெயர் சூட்டி. மேலத்தெருப் பையனும் கீழத்தெருப் பையனும் ஒரே முல்லைக்காகக் கபடி ஆடினால் ஏதாவது நடக்கும். ஆனால் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் நடக்கும் தெரு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

அரும்பு, மொட்டு, மலர்

இப்போது 35-க்கே திரும்புவோம். பிள்ளையின் மனபாரத்தைப் புரிந்துகொண்ட ஆசிரியர்கள் சிலர் வேறொரு பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. "பாவம், அதுக்கு வீட்ல ஆயிரம் கஷ்டம்" என்று கணக்கே கேட்காமல் விட்டுவிடுவது. அன்பால் செய்வதுதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் தாய்மொழியில் ஒரு பத்தி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பீரியடும் அவமானம்தான். எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்ட நாள் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் மன ஆறுதலை எந்த ஆலோசகராலும் கொடுக்க முடியாது. மனசைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பாடம் என்று இரண்டாகப் பிரித்துச் செய்ய முடியாதது இதனால்தான்.

கொரோனாக் காலத்தில் இது அம்பலமானது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் அசர் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு ஊரகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேருக்கும் குறைவு. பத்தே குறைவு என்பது வேறு கதை. பள்ளி மூடியிருந்த ஒன்றரை ஆண்டில் பணம் இருந்த வீட்டில் செல்போனும் டியூஷனும் ஏதோ ஓட்டின. மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள், கடையில் நின்றார்கள், சில பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆனது.

2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் படித்த பெண்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். கோயில் மண்டபம், திண்ணை, சமுதாயக்கூடம், சில இடங்களில் வேப்பமரத்தடி. பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார்கள். ஏறத்தாழ 19,000 ஊரகப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மையங்களால் வந்தது என்றும் கணக்கிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் போனார்கள் என்பதையும் அது கண்டது.

என்ன நடந்தது அங்கே? பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் இல்லை. தெரியாத இடத்திலிருந்து தொடங்கலாம். இன்னொன்று, நான் முக்கியமாக நினைப்பது: அக்காவுக்கு வீடு தெரியும். தவணைக்காரர் வந்ததும் தெரியும், அப்பா குடித்ததும் தெரியும். விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே பிள்ளைக்கு இல்லை. வகுப்பறையில் ஆசிரியருக்கு ஒரு வருஷம் பிடிக்கும் சங்கதி, தெருவில் இருப்பவருக்கு முதல் நாளே கைவசம்.

பள்ளிக்குள் அதே வேலையைச் செய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒரே வகுப்பில் மூன்று நிலை: அரும்பு, மொட்டு, மலர். அரும்பு என்றால் எழுத்தே இன்னும் பிடிபடாதவர். பெயர் வைத்தவர் யாரோ, மனசு தெரிந்தவர். தோற்றது, ஜெயித்தது என்ற வாசனையே இல்லாத மூன்று சொற்கள், அரும்பு மொட்டாகும் என்ற நம்பிக்கையும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டி. ஒரு மாதத்தில் "அவன் அரும்புடா" என்பது கேலியாகிவிட்ட வகுப்புகளும் உண்டு. அப்புறம் டீச்சர் சாமர்த்தியம்தான். ஆடல், பாடலுக்கு எல்லோரையும் கலந்து உட்காரவைத்துவிட்டு வாசிப்புக்கு மட்டும் பிரிப்பது, அரும்பிலிருந்து மொட்டுக்குப் போன அன்று வகுப்பையே கைதட்டச் சொல்வது என்று அவர்களிடம் வித்தை நிறைய இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அடிப்படைத் திறன் இல்லாத பிள்ளைகளுக்காக 2025இல் வந்த 'திறன்' இயக்கத்துக்கும் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக இருக்கும். பன்னிரண்டு வயதுக்கு வெட்கம் அதிகம்.

தேர்வு முடிவு நாள்

மன உளைச்சல் பற்றிப் பேசும்போது யாரும் கணக்கில் சேர்க்காத இரண்டு நிர்வாக முடிவுகள் தமிழ்நாட்டில் உண்டு. ஒன்று, பொதுத்தேர்வில் தோற்றவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் துணைத்தேர்வு. தோற்றால் ஒரு வருஷம் போச்சு, ஊர் கேட்கும், வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், பெண்ணென்றால் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்ற சுவரில் அது ஒரு கதவைத் திறந்தது. தற்கொலைத் தடுப்புத் துறையில் நீண்ட காலம் உழைத்துவரும் சென்னையின் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள், தேர்வுத் தோல்வி மரணங்கள் குறைவதற்கு இந்த ஏற்பாடு உதவியதைச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். இன்னொன்று, 2017இல் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. இரண்டுமே கல்வித்துறை உத்தரவுகள். மனநலம் என்ற சொல் தலைப்பில்கூட இல்லை.

ஆலோசகர் எங்கே வருகிறார்?

மேலே சொன்ன எல்லாம் இருந்தும் சில பிள்ளைகளுக்குப் போதாது. பாலியல் தொந்தரவுக்கு ஆளான பிள்ளை, கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை, திடீரென்று எதுவும் பேசாமல் போய்விட்ட பிள்ளை, "செத்துப் போனா நல்லா இருக்கும்" என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய பிள்ளை. இவர்களை அன்பான ஒரு வார்த்தையால் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பது குற்றம். மற்றவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும், தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வேண்டும். சந்துரு குழு வட்டாரத்துக்கு ஓர் ஆலோசகர் கேட்டது. 500-க்கு மேல் மாணவர் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் கேட்டது. வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் ஒருவர் தலையில் பல பள்ளிகள். வாரம் ஒருமுறைகூட ஒரு பள்ளிக்கு வர முடியாது. அதனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் வகுப்பு ஆசிரியர்தான்.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னார்கள். நல்ல பெயர், நல்ல எண்ணம். பெட்டி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம். தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால், அதில் சீட்டுப் போடும் பிள்ளையை இருபது பேர் பார்ப்பார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், படிக்கட்டுத் திருப்பம் என்று வைத்திருந்தால் சீட்டு விழும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (கல்வி உதவி எண்) என்ற எண்களைப் பாடப்புத்தகத்தில் முத்திரை குத்தச் சொன்னதும் நல்லதுதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை யார் போனில் அழைக்கும்? பெரும்பாலும் எந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர் போனில்தான்.

சரி, வகுப்பு ஆசிரியரால் முடியுமா? முடியும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உணர்வுகளைக் கையாளக் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களை, இரண்டே முக்கால் லட்சத்தை நெருங்கும் மாணவர்களின் தரவோடு தொகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, பிள்ளைகளின் நடத்தையோடு மதிப்பெண்ணும் கூடியதைக் காட்டியது. சொந்த ஆசிரியர்களே நடத்திய திட்டங்களும் பலன் தந்தன. பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள் என்பதை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிப் பாடம் என்று தினம் ஒரு பீரியடே ஒதுக்கினார்கள்.

நம் ஊரில் தடை ஆசிரியர் மனசு இல்லை, நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். பள்ளி விவரங்களை அரசுக்குப் பதியும் எமிஸ் செயலியில் வருகை, சீருடை, புத்தகம், செருப்பு என்று ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் சன்னலைப் பார்க்கும் பிள்ளை கண்ணில் படாது. பிள்ளைக்குச் செருப்பு கிடைத்ததா என்பதற்குச் செயலியில் கட்டம் இருக்கிறது. மூன்று நாளாகப் பிள்ளை யாரிடமும் பேசவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் போட்டுவிடுங்களேன் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

பெரிய பயிற்சி எதுவும் இல்லாமல் பல ஆசிரியர்கள் செய்வது ஒன்று உண்டு. வருகை எடுக்கும்போது எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்வார்கள், பிள்ளை "உள்ளேன் அம்மா" என்று சொல்லும் விநாடியில் முகத்தைப் பார்ப்பார்கள். முப்பது பிள்ளைக்கு மூன்று நிமிடம். நேற்று சண்டை நடந்த வீடு எது, காய்ச்சல் யாருக்கு, அழுதுவிட்டு வந்தது யார் என்று அந்த மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். தாமதமாக வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திக் காரணம் கேட்காமல், "வா, உட்கார், அப்புறம் பேசலாம்" என்பது இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. வாசலில் நிற்கவைத்து "வீட்ல ஆள் இல்லையா?" என்று கேட்பது இதில் சேருமா என்று வழக்குப் போட முடியாது. ஆனால் உண்மையிலேயே வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டாத காட்சி. ஊரில் இருப்பது ஒன்று முதல் எட்டு வரையிலான நடுநிலைப் பள்ளி என்று வையுங்கள். 2025இல் விரிவாக்கிய பிறகும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடுதான் நின்றது. ஏப்ரல் வரை பந்தியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் அதே பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போகிறது. அம்மா இப்போதும் ஆறரைக்குத்தான் கிளம்புகிறாள். காலை எட்டே காலுக்குத் தம்பியைக் கூட்டிவந்து பந்தியில் உட்காரவைத்துவிட்டு, அக்கா தூணில் சாய்ந்து நிற்கிறாள். தம்பி தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளுகிறான். அவள் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். சமைக்கும் அம்மாவுக்குக் கணக்கு உண்டு, இத்தனை தட்டு என்று. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, கரண்டியில் மிச்சம் இருப்பதை ஒரு தட்டில் போட்டு, எதையும் சொல்லாமல் தூணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.